பாதத்தில் பூசிவந்த மரியாதை

பினாங்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது கடலும் அல்ல, கொடிமலையும் அல்ல. எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் வாசனைதான். காலையில் வேலைக்குக் கிளம்பி லிஃப்டுக்குள் நுழைந்தால் கண் எரியும் அளவுக்குத் தைல நெடி நிற்கும். நம் ஊரில் தைலம் என்றால் சளி, காய்ச்சல், போர்வை, லீவு. இங்கே உடம்பு நன்றாக இருப்பவர்கள்தாம் தாராளமாகத் தடவிக்கொள்கிறார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பச்சைக் குப்பி கட்டாயம் இருக்கும். இந்தத் தீவு ஜாதிக்காய்க்குப் பேர்போனது. அந்த எண்ணெயோடு மெந்தாலும் கற்பூரமும் சேர்ந்த தைலத்தை நெற்றியில் வைத்து, கழுத்தில் தேய்த்து, கடைசியாகக் குப்பியை மூக்கருகே பிடித்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் பொழுதைத் தொடங்குகிறார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று இதில் பேதமே கிடையாது.

ஒருநாள் எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சீன அம்மா என் முகத்தைப் பார்த்து, “யூ பெனிங்?” என்றார். தலை சுற்றுகிறதா என்று கேட்கிறார். எனக்கு எதுவும் சுற்றவில்லை. அம்மாவின் நினைப்பு வந்து முகம் வாடியிருந்தது, அவ்வளவுதான். “நோ, நோ, டாக்டர்” என்று என்னையே சுட்டிக் காட்டினேன். நான் டாக்டரைத் தேடுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். “டாக்டர் நோ நீட் லா” என்று, இந்த ஊர்ப் பேச்சுக்கு வாலாக ஒட்டும் ‘லா’வோடு அதட்டிவிட்டு, என் அனுமதியைக் கேட்காமல் இரண்டு நெற்றிப்பொட்டிலும் தைலத்தைத் தேய்த்துவிட்டார். எம்.டி. பட்டம் வாங்கிய நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில மாதங்களில் அந்த நெடி எனக்குத் தெரியாமலே போய்விட்டது. பழகிவிட்டது என்று சொல்வோமே, அதுதான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை விருதுநகரில் இருக்கும் என் அம்மாவுக்கு விளக்குவது, அந்த வேலையைப் பார்ப்பதைவிடக் கஷ்டம். “ஏண்டி, நீ டாக்டரா, இல்ல வாத்தியாரா?” என்று தொலைபேசியில் கேட்பார். “வாரத்துல பாதி நாள் நோயாளியப் பாக்குறேம்மா. மீதி நாள் அந்த நோய் ஏன் வருதுன்னு ஆராய்ச்சி பண்றேன்” என்பேன். “அப்ப முழு டாக்டர் இல்லங்கிற” என்று பெருமூச்சு விடுவார். இந்தப் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது என் படிப்பு. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் என் வகுப்புத் தோழிகளின் கிளினிக்குகளைப் பற்றிப் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஏதோ நான் பரீட்சையில் தவறிவிட்ட மாதிரி.

இதைப் படிக்கும் உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் உள்ள உயிரணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்ற புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வெளியே நடப்பதை உள்ளே சொல்வது அவற்றின் வேலை. இன்சுலினுக்கு ஒன்று, அட்ரினலினுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு பொறுப்பு. நான் இத்தனை காலமாகப் பின்னால் அலைவது குளிரை உணரும் ஏற்பி. தோலுக்குள் ஓடும் மெல்லிய நரம்புகளின் நுனியில் அது இருக்கிறது. ஐஸ்கட்டி பட்டாலும் விழித்துக்கொள்ளும், மெந்தால் பட்டாலும் விழித்துக்கொள்ளும். இரண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. புதினா மிட்டாய் வாயில் ஜில்லென்று இருப்பது இந்த ஏமாளியால்தான்.

இதன் பின்னால் நான் போனதற்கு ஒரு பெண் காரணம். மதுரையில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பருப்பு மில்லில் வேலை பார்க்கும் ஓர் அக்கா காய்ச்சல் என்று வந்தார். நீண்ட நாள் சர்க்கரை நோய். செருப்பைக் கழற்றச் சொன்னேன். செருப்பு வரவில்லை. அடியிலிருந்து ஏறிய ஓர் ஆணி செருப்பையும் பாதத்தையும் சேர்த்துத் தைத்திருந்தது. அதோடுதான் அவர் வேலை செய்திருக்கிறார், சமைத்திருக்கிறார், பஸ் ஏறி வந்திருக்கிறார். “வலிக்கவே இல்லம்மா, நானும் செருப்பு இன்னைக்கு நல்லா பிடிக்குதேன்னு நெனச்சேன்” என்று சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அந்தக் காலை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. காலை எடுத்த பிறகு வார்டில் எல்லாரும் சர்க்கரையைக் குறை சொன்னார்கள், செருப்பைக் குறை சொன்னார்கள். எனக்கு ஒரே கேள்விதான்: அவருடைய நரம்பு பேசாமல் போனது எந்த நாளில்? அந்த நாளுக்கு முன்பே யாராவது அதைக் கண்டுபிடித்திருக்க முடியாதா?

அந்தக் கேள்வியோடு சென்னைக்குப் போய் ஆய்வுப் பட்டம் வாங்கினேன். பிறகு வேலை தேடினேன். ஊர்ப்பக்கத்து மருத்துவமனைகளில் ஒரே பதில்தான்: வார்டைப் பாருங்கள், ஆராய்ச்சியெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆய்வுக்கூடங்களிலோ, நோயாளிகளை விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆய்வு மையம் இரண்டையும் தருகிறேன் என்றது. பாதி நாள் கிளினிக், பாதி நாள் ஆய்வுக்கூடம். அம்மா அழுதார். அப்பா, “போயிட்டு வா, பினாங்கு ஒண்ணும் புதுசில்ல, நம்ம ஆளுங்க போகாத ஊரா?” என்றார். நான் ஒரு பெட்டியையும் ஒரு கேள்வியையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

இங்கே வந்ததும் முதலில் காணாமல் போனது ‘அம்மா’. ஊரில் நான் டாக்டரம்மா. இங்கே வெறும் டாக்டர். கிளினிக்குக்கு வருகிற தமிழர்களில் பெரும்பாலோர் கடலுக்கு அந்தப் பக்கத்து நிலப்பரப்பிலிருந்து வருவார்கள். புக்கிட் மெர்தாஜாம், ஜுரு, நிபோங் திபால். என்னோடு வேலை பார்க்கும் தாதி பரமேஸ்வரி அக்காவும் புக்கிட் மெர்தாஜாம்தான். அவர் முதல் நாளே எனக்குச் சொன்னார்: “டாக்டர், நீங்க பேசுற தமிழு நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு லா. கொஞ்சம் கீழ எறங்கி வாங்க.” நான் இறங்கினேன். ஆய்வுக்கூடத்தில் என் கூட்டாளி மெய் லிங். உயிரணுக்களைப் பிள்ளைகள் மாதிரி வளர்ப்பவள். கோபம் வந்தால் ஹொக்கியன் என்ற சீன மொழியிலும், மற்ற நேரம் ஆங்கிலத்திலும் பேசுவாள்.

எங்கள் ஆய்வு எளிமையானது. சர்க்கரை அதிகமானால் குளிர் ஏற்பிகள் நரம்பின் மேற்பரப்பிலிருந்து உள்ளே ஒடுங்கிக்கொள்கின்றன. நரம்பு சாவதற்கு வெகுநாள் முன்பே இது நடக்கிறது. அப்படியானால் குளிர் உணர்வு மங்குவதை வைத்தே ஆபத்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம். மெய் லிங் உயிரணு வளர்க்கும் கிண்ணங்களில் இது அழகாக நிரூபணமானது. அடுத்து நிஜமான கால்கள். தீப்பெட்டி அளவு உலோகத் தகடு ஒன்றைப் பாதத்தின் மேல் கட்டுவோம். அது மெல்ல மெல்லக் குளிரும். குளிர் தெரிந்ததும் நோயாளி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். சீக்கிரம் அழுத்தினால் ஏற்பிகள் நலம். அழுத்தாவிட்டால் கவலை.

கால்கள் எங்களைக் கவிழ்த்துவிட்டன. மலாய்க்காரர்களின் கால்கள் நாங்கள் எதிர்பார்த்தபடி நடந்தன. சீனர்களின் கால்களும் அப்படியே. தமிழர்களின் கால்கள் மட்டும் எதற்கும் கட்டுப்படவில்லை. மற்ற சோதனைகளில் மரத்துப்போனதாகத் தெரியும் கால், இங்கே தகடு குளிரத் தொடங்கியதுமே குளிர்கிறது என்றது. அதே கால் இன்னொரு மாதம் மௌனம் சாதித்தது. கருவியை மாற்றினோம், அறையை மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் பரமேஸ்வரி அக்கா, “காலுல மருந்து, களிம்பு ஏதாச்சும் போட்டீங்களா?” என்று கேட்பார். “இல்லயே” என்பார்கள் எல்லாரும். பொய் சொல்கிற முகங்கள் இல்லை அவை.

ஆய்வு மையத்தின் தலைவர் பேராசிரியர் ரோஸ்லான் நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு, தேநீர் வரவழைத்து, மெதுவாகத்தான் சொன்னார். “டாக்டர் மீனா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இந்தியர்களின் ஏற்பி மரபிலேயே வேறு மாதிரி இருக்கலாம். அவர்களை இந்த ஆய்விலிருந்து விலக்கிவிடுவோம். மற்றவர்களோடு முடித்தால் முடிவு சுத்தமாக வரும்.” எனக்குச் சுர்ரென்றது. கிளினிக்கில் கால் புண்ணோடு வருபவர்களில் எத்தனை பேர் நம்மவர்கள் என்று தினமும் பார்ப்பவள் நான். அவர்களை விலக்கிவிட்டு ஒரு சோதனையைக் கண்டுபிடித்தால், அது யாருடைய கால்களைக் காப்பாற்றும்? பந்தியில் உட்காரவைத்து இலையும் போட்ட பிறகு எழுந்து போகச் சொல்வது போல இருந்தது. மதுரையில் சிரித்த அந்த அக்காவும் அதோடு வெளியே போய்விடுவார். “ஆண்டுக் கடைசிக் கூட்டம் வரைக்கும் பொறுங்கள்” என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே சரி என்றார்.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் தம்பிக்குக் கல்யாணம் வைத்தார்கள். போகாமல் இருக்க முடியுமா? விருதுநகர் வெயிலில் பட்டுப்புடவையோடு வெந்து, எல்லாருடைய ரத்த அழுத்தத்தையும் ஓசியில் பார்த்துச் சொல்லி, “அங்க அரிசி கிடைக்குமா?” என்ற கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் பரமேஸ்வரி அக்காவும் மெய் லிங்கும் சோதனைகளைத் தொடர்ந்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் மெய் லிங் குதித்துக்கொண்டு வந்தாள். “மீனா, நீ ஊருக்குப் போன நாட்களில் டேட்டா அவ்வளவு சுத்தம் லா! இந்தியர்களின் கால்கள்கூட ஒழுங்காக நடந்துகொண்டன. உனக்கு இன்னொரு தம்பி இருக்கிறானா, கல்யாணம் செய்துவைக்க?”

நானும் சிரித்தேன். உள்ளே என்னவோ அறுந்து விழுந்தது. நான் இல்லாதபோது சரியாக வருகிறது, இருந்தால் கெடுகிறது. அப்படியானால் கெடுப்பது நான்தான். தகட்டை அழுத்திக் கட்டுகிறேனா? பேச்சுக்கொடுத்துக் கவனத்தைக் கலைக்கிறேனா? நம்மவர்கள் நல்ல பதில் சொல்ல வேண்டும் என்று என் முகம் ஆசைப்படுகிறதா, அதைப் பார்த்து அவர்கள் பொத்தானை அழுத்துகிறார்களா? அன்றிரவு முழுவதும் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடல் தாண்டி வந்து, என் ஆட்களை நானே வெளியே தள்ளிவிட்டேனோ என்ற பயம்.

மறுநாள் கிளினிக்கில் முதல் ஆள் தனபாலன் அண்ணே. ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். சர்க்கரை, கால் எரிச்சல், மரமரப்பு எல்லாம் உண்டு. அவர் கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் என் முகத்தில் அடித்தது நெடி. முதல் வாரத்து லிஃப்டில் அடித்த அதே நெடி. ஏற்பிகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் சலித்துப்போய்ப் பதில் சொல்வதை நிறுத்திவிடும். கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் திரும்பவும் வேலையைத் தொடங்கும். விருதுநகர் என் மூக்குக்கு அந்த ஓய்வைக் கொடுத்திருந்தது. நெடி மேலிருந்து வரவில்லை. நான் குனிந்தேன். இன்னும் குனிந்தேன். தனபாலன் அண்ணேயின் பாதத்துக்கு மிக அருகில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். “ஐயோ டாக்டர், என்னா இது!”

“அண்ணே, காலுல என்ன போட்டிருக்கீங்க?”

“ஒன்னும் போடல டாக்டர். சிஸ்டர் கேட்டாங்க, மருந்து இல்லன்னு சொன்னேனே.”

“அப்ப இந்த வாசன?”

“அது தைலம் லா. தைலம் மருந்தா?” என்று அவர் பரமேஸ்வரி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். “அது பவுடர் போடுற மாதிரிதானே டாக்டர்” என்றார் அக்காவும், குரல் இறங்கிப்போய்.

“கிளினிக் வர்றப்ப எதுக்குண்ணே காலுக்குத் தைலம்?”

தனபாலன் அண்ணே கூச்சத்தோடு சிரித்தார். “நாள் பூரா பூட்ஸ் போட்டு நிக்கிற காலு டாக்டர். நீங்க ஊர்லேர்ந்து வந்த பெரிய டாக்டரு, கீழ குனிஞ்சு கையால தொடுறீங்க. நாத்தக் கால எப்படி லா நீட்டுறது? சவுக்காரம் போட்டுத் தேச்சுக் கழுவி, நல்லா தைலம் போட்டுட்டுத்தான் வருவேன். நம்ம ஆளுங்க எல்லாரும் அப்படித்தான்.”

“நான் ஊருக்குப் போயிருந்தப்ப?”

“சிஸ்டர் போன் போட்டுச் சொன்னாங்களே, டாக்டர் இல்லன்னு. அப்ப மெஷின்தானே. மெஷினுக்கு என்னா மரியாத? சும்மா வந்துட்டேன்.”

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்து எழுந்து நிற்க, அக்கா என்னைத் தூக்க வர, எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சிரிப்போடு கண்ணீரும். மெய் லிங்குக்கோ பேராசிரியருக்கோ இதை எவ்வளவு விளக்கினாலும் முழுதாகப் புரிந்திருக்குமா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. என் அப்பா டாக்டரைப் பார்க்கப் போகும்போது சலவை வேட்டி கட்டுவார், ஏதோ கோவிலுக்குப் போவது போல. காலைத் தொடுவது என்பது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. படித்த பெண், அதுவும் மருத்துவர், குனிந்து தங்கள் காலைப் பிடிப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. சீனர்களும் மலாய்க்காரர்களும் தைலத்தை நெற்றியிலும் வயிற்றிலும் தடவினார்கள். நம்மவர்கள், நான் தொடப்போகிறேன் என்பதற்காகப் பாதத்திலும் தடவினார்கள். அளவாய்ப் பூசிய நாளில் ஏற்பி துள்ளியது, அள்ளிப் பூசிய நாளில் சலித்து மௌனமானது. எங்கள் ஆய்வைக் கெடுத்தது மரபும் இல்லை, கருவியும் இல்லை. எனக்கு அவர்கள் செய்த மரியாதை.

அதன்பின் நடந்ததைச் சொல்ல எனக்கே ஆசையாக இருக்கிறது. தைலம் இல்லாமல் ஒரு வாரம் இருந்துவிட்டு வரும்படி எல்லாரிடமும் கேட்டுக்கொண்டோம். கூச்சம் போக வேண்டுமே! கிளினிக் வாசலிலேயே வெந்நீர் வாளி, சோப்பு, துண்டு எல்லாம் வைத்தோம். வந்ததும் அங்கேயே கழுவித் துடைத்துக்கொள்ளலாம். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தேன். தனபாலன் அண்ணே நாற்காலி நுனியில் நெளிந்தார். “தைலம் இல்லாம வர்றது, சட்ட போடாம வந்த மாதிரி இருக்கு டாக்டர்.” “எனக்கு இந்தச் சட்ட போடாத காலுதாண்ணே வேணும்” என்றேன். பரமேஸ்வரி அக்கா சிரித்த சிரிப்பில் தகடு கையிலிருந்து நழுவிற்று.

கால்கள் ஒழுங்குக்கு வந்தன. தமிழர், சீனர், மலாய்க்காரர், எல்லாருடைய ஏற்பியும் ஒரே கதையைச் சொன்னது. அதோடு விட்டிருந்தாலே போதும். ஆனால் பழைய தாறுமாறான முடிவுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. மெந்தால் பட்டால் ஏற்பி சிறு குளிருக்கே துள்ளி எழும். ஆனால் எழுவதற்கு அங்கே ஏற்பி உயிரோடு இருக்க வேண்டும். மரத்துவிட்டது என்று நாங்கள் கைகழுவிய சில கால்கள் தைலம் பூசிய அன்று பதில் சொல்லியிருக்கின்றன. அப்படியானால் அந்த நரம்புகள் சாகவில்லை, ஒடுங்கிப் படுத்திருக்கின்றன. இன்னும் எழுப்பலாம்! மெய் லிங்கிடம் ஓடினேன். முதலில் தைலம் இல்லாமல் ஒரு சோதனை, பிறகு அளந்து ஒரு சொட்டு மெந்தால் வைத்து இன்னொரு சோதனை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிச்சமிருக்கும் உயிர். அவள் கையிலிருந்த கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். ஹொக்கியனில் ஏதோ கத்தினாள். அது கோபம் இல்லை என்பது அவள் என்னைக் கட்டிப்பிடித்தபோதுதான் தெரிந்தது.

செய்து பார்த்தோம். தனபாலன் அண்ணேயின் வலது காலில் தகடு தனியாகக் குளிர்ந்தபோது அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பொத்தான் அசையவில்லை. கழற்றிவிட்டு, மெந்தால் வைத்துக் காத்திருந்து, மறுபடி கட்டினோம். தகடு குளிரத் தொடங்கியது. அவர் புருவம் நெரிந்தது. கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. “வருது டாக்டர், லேசா வருது!” என்றார். அவருக்கு அது ஒரு குளிர். எனக்கு, மதுரை வார்டிலிருந்து நான் சுமந்துகொண்டு வந்த கேள்விக்கு வந்த பதில்.

ஆண்டுக் கடைசிக் கூட்டத்தில் புடவை கட்டிக்கொண்டு போனேன். மெய் லிங் படங்களை ஓட்ட, நான் பேசினேன். விலக்கப்பட இருந்தவர்கள்தாம் இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டுவந்தவர்கள் என்று சொல்லி முடித்தேன். பேராசிரியர் ரோஸ்லான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, “இதை முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவி?” என்றார். “என் மூக்கு” என்றேன். அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னார்: “இந்தியர்களை விட்டுவிடலாம் என்று சொன்னது நான். நல்ல வேளை, டாக்டர் மீனா கேட்கவில்லை.” முதலில் கை தட்டியதும் அவரே.

கட்டுரை நல்லதோர் ஆய்விதழில் வந்தது. “அதுல உன் போட்டோ போட்டாங்களா?” என்று அம்மா கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு ஆய்விதழின் மேல் மரியாதை போய்விட்டது. எனக்குக் கவலையில்லை. இன்று அந்த ஒரு சொட்டு மெந்தால் சோதனை நிலப்பரப்பில் உள்ள கிளினிக்குகள் சிலவற்றில் நடக்கிறது. ஒடுங்கிய நரம்பு இருப்பவர்களைத் தனியே கவனிக்கிறோம். சர்க்கரையை இறுக்கிப் பிடிக்கிறோம், சரியான காலணி கொடுக்கிறோம், வாராவாரம் விரட்டுகிறோம். தனபாலன் அண்ணே விரட்டலுக்குப் பயந்தே தே தாரிக் என்ற பால் தேநீருக்குச் சர்க்கரை போடுவதை விட்டார். போன மாதம் வந்தவர் உட்காருவதற்கு முன்பே சொன்னார்: “டாக்டர், காலையில பசார் போனேன். மீன் கடப் பக்கம் ஈரத் தரையில செருப்பு வழுக்கி, கால் கீழ பட்டுச்சு. ஜில்லுன்னு தெரிஞ்சிச்சு! தைலம் இல்லாம!” நான் அழுதேன், வெட்கமே படாமல். என்னோடு படித்தவர்களின் கிளினிக்குகளை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தாலும் அந்த ஒரு ‘ஜில்’லுக்கு மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது அடுத்த கட்டத்தில் இருக்கிறோம். தோலில் சிறு துணுக்கு எடுத்து, அந்த உயிரணுக்களைப் பக்குவப்படுத்தி நரம்பு உயிரணுக்களாக மாற்றி வளர்த்தால், ஒடுங்கிய ஏற்பி எப்படி மீள்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நோயாளிகளிடம் போவதற்கு முன் முறையைச் சரிபார்க்க நோயில்லாத ஆள் ஒருவர் வேண்டும் என்றாள் மெய் லிங். அனுமதியெல்லாம் வாங்கிக்கொண்டு என் கெண்டைக்காலை நீட்டினேன். ஒரு பொட்டு அளவு தோலை எடுத்துக்கொண்டு போனாள். அதிலிருந்த உயிரணுக்கள் பிழைத்துக்கொண்டன. வாரங்கள் போகப் போக நரம்பாக மாறிக் கை நீட்டிக் கிளை விட்டன. குளிரை உணர்ந்தால் பச்சையாக ஒளிரும் சாயத்தையும் அவற்றில் ஏற்றினாள். நான் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தால், “உன் ஆட்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள்” என்பாள்.

அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. நான் படித்த கல்லூரியிலேயே, இந்தச் சோதனையைப் பற்றிப் பேச. கத்திரி வெயில் மாதம். அரங்கத்தில் மின்விசிறிகள் சுடு காற்றைத்தான் சுற்றிவிட்டன. என்னை அறிமுகப்படுத்தியவர், “மலேசிய விஞ்ஞானி” என்றார். பினாங்கில் எனக்குப் பெயர் “இந்தியா டாக்டர்”. முன்வரிசையில் அம்மாவும் அப்பாவும். முழு டாக்டர்தான் என்பதை ஒருவழியாக ஒப்புக்கொண்ட முகத்தோடு அம்மா. பேசி முடித்ததும் நீண்ட கைதட்டல். இந்தச் சோதனையை இங்கேயும் தொடங்குகிறோம் என்று அறிவித்தார்கள். ஆணி ஏறிய கால் கிடந்த அதே வார்டில். மேடையை விட்டு இறங்கும்போது மாணவி ஒருத்தி, “மேடம், இனிமே இங்கதான் இருப்பீங்களா, அங்க போயிடுவீங்களா?” என்று கேட்டாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. மெய் லிங் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். கறுத்த திரையில் மங்கலாகச் சில புள்ளிகள். கிண்ணத்தில் வளரும் என் உயிரணுக்கள். அவற்றின் மேல் ஒரு சொட்டு மெந்தாலை விடுகிறாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று பச்சையாக ஒளிர்ந்தது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு திரை முழுவதும். நான் தொலைபேசியை அந்த மாணவியின் பக்கம் திருப்பிக் காட்டினேன். மதுரை வெயிலில் என் முதுகு வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. பினாங்கில் நான் குளிரை உணர்ந்து ஒளிர்ந்துகொண்டிருந்தேன்.